கண்ணாடிக்குள் பவளப்பாறை

தமிழர்க்குப் பவளம் புதிய பொருளன்று. பண்டைய தமிழ் நூல்கள் அதனைத் 'துகிர்' என வழங்கி, முத்தோடும் பொன்னோடும் மணியோடும் சேர்த்து எண்ணின. இன்றும் பவளம் என்ற சொல்லைக் கேட்டவுடன் உள்ளத்தில் தோன்றுவது செந்நிறமான அணிகலனே. ஆயின், அணிகலனாகும் செம்பவளம் வேறு. வெப்ப மண்டலக் கடல்களில் திட்டுகளையும் தீவுகளையும் எழுப்பும் பாறைப்பவளம் வேறு. இப்பின்னதையே மன்னார் வளைகுடாக் கரையினரும் ஈழத்தவரும் முருகைக்கல் என்பர். பெயரில் கல் இருப்பினும் அஃது உயிருள்ள ஒன்றின் உழைப்பு. வாயும் அதனைச் சூழ்ந்த உணரிழைகளும் உடைய மிகச் சிறு உயிர்கள், கடல்நீரிலுள்ள சுண்ணத்தை ஈர்த்துத் தமக்கெனக் கிண்ணங்கள் அமைத்துக்கொள்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைமுறைகள் கட்டிய அக்கிண்ணங்களின் தொகுதியே பவளப்பாறை.

அலையும் வெயிலும் ஓயாத நீரோட்டமும் உள்ள இடத்தில் மட்டுமே வாழும் இவ்வுயிரை, ஒரு வீட்டின் கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் வாழவைக்க இயலும் என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கூறியிருந்தால் எவரும் நம்பியிரார். இன்று அது நடைபெறுகின்றது. இந்நிலையை எய்த மாந்தர்க்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அம்முயற்சியின் வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். கருவிகள் பெருகியதனால் மட்டும் பவளம் வாழவில்லை. கடலின் ஒழுங்கை மாந்தர் மதிக்கக் கற்ற பின்னரே அது வாழ்ந்தது.

ஊசியும் நூலும்

இவ்வரலாற்றின் வாயிலில் நிற்பவர் இருவரும் பெண்கள் என்பது கருதத்தக்கது. முதலாமவர் 1794-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஜூயாக் என்னும் சிற்றூரில் பிறந்த ஜீன் வில்ப்ரூ. இளமையில் பாரிசு நகருக்குச் சென்று தையற்கலை பயின்ற அவர், 1816-ஆம் ஆண்டில் அரச குடும்பத்து மணமகள் ஒருத்திக்குத் திருமண ஆடை அமைத்துப் பெயர் பெற்றார். பின்னர் ஜேம்ஸ் பவர் என்னும் வணிகரை மணந்து, சிசிலித் தீவின் மெசினாத் துறைமுகத்தில் குடியேறினார். அங்குக் கடலுயிர்களின்மீது அவருக்குப் பற்று உண்டாயிற்று.

அக்காலத்து அறிஞர்களிடையே ஒரு வழக்கு நடந்துவந்தது. எண்காலி இனத்தைச் சேர்ந்த அர்கோனாட் என்னும் உயிர் மெல்லிய ஓடொன்றைத் தாங்கி நீந்துகின்றது. அவ்வோட்டை அது தானே ஆக்குகின்றதா, அன்றித் துறவி நண்டு போல் பிறிதோர் உயிரின் ஓட்டைக் கவர்ந்துகொள்கின்றதா என்பதே அவ்வழக்கு. இறந்த உயிர்களை ஆராய்ந்து இதற்கு விடை காண இயலவில்லை. வில்ப்ரூ 1832-ஆம் ஆண்டில் கண்ணாடித் தொட்டிகளை அமைத்து, கடல்நீர் நிரப்பி, அவ்வுயிர்களை உயிரோடு வைத்து நாள்தோறும் நோக்கினார். உடைந்த ஓட்டை அவை தாமே செப்பனிடுவதைக் கண்டு, ஓடு அவற்றின் சொந்த ஆக்கமே என மெய்ப்பித்தார். அவருடைய சேகரிப்புகளில் பெரும்பகுதி 1838-ஆம் ஆண்டில் கப்பல் மூழ்கியதால் அழிந்துபோயிற்று. எனினும், கடலுயிரைக் கண்ணாடிக்குள் வைத்து ஆராயும் முறைக்கு அவரே தாய் எனப் பிற்காலத்தார் போற்றினர்.

இரண்டாமவர் இங்கிலாந்தின் அன்னா தின். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பேராலயத்தில் பொறுப்பிலிருந்த சமயகுரு ஒருவரின் மனைவி. 1846-ஆம் ஆண்டில் டார்க்கீ கடற்கரைக்குச் சென்றிருந்தபோது, பாறையில் ஒட்டியிருந்த கிண்ணப்பவளங்களைக் கண்டு வியந்து, அவற்றை இலண்டனுக்குக் கொண்டுவர விரும்பினார். வழியில் அவை உருண்டு மோதிக்கொள்ளாதிருக்க, ஊசியும் நூலும் கொண்டு அவற்றைக் கடற்பஞ்சு ஒன்றோடு இணைத்துத் தைத்தார். கடலுக்குத் தொலைவிலுள்ள நகரில் புதிய கடல்நீருக்கு வழியில்லை. ஆகவே, உள்ள நீரையே ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்குத் திறந்த சாளரத்தருகே மீண்டும் மீண்டும் ஊற்றச் செய்து அதில் காற்றுக் கலக்கச் செய்தார். நாள்தோறும் அரைமணி நேரத்திற்குக் குறையாத இப்பணியைச் செய்தவள் அவ்வீட்டுப் பணிப்பெண். அவள் பெயர் வரலாற்றில் நிலைக்கவில்லை. இன்றைய காற்றுப் பம்பு செய்யும் வேலையை அன்று அவளுடைய கைகளே செய்தன.

1847-ஆம் ஆண்டில் அன்னா தின் கடற்பாசிகளையும் அத்தொட்டியில் சேர்த்தார். பாசி வெளியிடும் உயிர்வளி விலங்குக்கும், விலங்கின் கழிவு பாசிக்கும் பயன்பட, கடல்நீர் தூய்மை கெடாது நிலைத்தது. பவளங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து பெருகவும் செய்தன. அவருடைய குறிப்புகள் 1859-ஆம் ஆண்டில்தான் அச்சேறின. ஈண்டு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அவர் வளர்த்தவை குளிர்கடலின் கிண்ணப்பவளங்கள். அவை மங்கிய ஒளியிலும் வாழும் இயல்பின. வெப்பக் கடலின் பாறைப்பவளம் இவ்வாறு வசப்பட மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆர்வம் கொள்ளையாக மாறிய காலம்

1845-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்ணாடி வரி நீக்கப்பட்டது. கண்ணாடியின் விலை குறைந்தது. புகைவண்டிப் பாதைகள் கடற்கரையை நகரங்களோடு இணைத்தன. 1850-ஆம் ஆண்டில் வேதியியலார் ராபர்ட் வாரிங்டன், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒன்றுக்கொன்று துணையாகத் தொட்டியில் வாழும் முறையை விளக்கினார். 1853-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்காட்சி மண்டபம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே பிலிப் ஹென்றி கோஸ் என்னும் இயற்கையியலார் 'அக்வேரியம்' என்னும் சொல்லையே தலைப்பாகக் கொண்ட நூலை வெளியிட்டார். அந்நூல் வீடுதோறும் புகுந்தது எனலாம். கடலுயிர்த் தொட்டி வைத்திருப்பது நாகரிகத்தின் அடையாளமாயிற்று.

விளைவு யாது? விடுமுறை நாள்களில் கூடையும் உளியும் ஏந்திய கூட்டம் கடற்கரைப் பாறைகளை மொய்த்தது. கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. வீட்டுத் தொட்டிகளில் அவற்றுள் பல சில நாள்களில் மடிந்தன. மடிந்தவற்றின் இடத்தை நிரப்ப மீண்டும் கடற்கரை சூறையாடப்பட்டது. கோஸின் மகன் எட்மண்ட் கோஸ் 1907-ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்று நூலில், தந்தையின் நூல்கள் தூண்டிய ஆர்வமே அக்கரைகளின் அழகை அழித்தது என்று வருந்தி எழுதினார். கடலை நேசிக்கக் கற்பித்த நூல் கடற்கரையின் அழிவுக்கும் காரணமாயிற்று. இம்முரண்பாடு அன்றோடு ஒழியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அரசுகளும் நகராட்சிகளும் பொது மீன்காட்சியகங்களை நிறுவத் தொடங்கின. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டில் ஒன்று திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் ரிவர் வேலி சாலையில் 1955-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வான் கிளீஃப் மீன்காட்சியகம், 1996-ஆம் ஆண்டில் மூடப்படும்வரை இரு தலைமுறை மாணவர்களுக்குக் கடலைக் கண்ணாடிவழிக் காட்டியது. 1956-ஆம் ஆண்டில் பசிபிக் மாகடலின் நியூ கலிடோனியாத் தீவில் ரெனே கத்தாலா நிறுவிய காட்சியகம் வேறொரு சிறப்பினையும் எய்தியது. அங்கு வெப்பக் கடலின் பவளங்கள் உயிரோடு காட்டப்பட்டன. கடல் அருகிலேயே இருந்ததால் புதுநீர் இடையறாது பாய்ந்தது. கடலற்ற நகரில், அடைபட்ட நீரில் அவை வாழுமா என்னும் வினா மட்டும் விடையின்றி நின்றது.

உடலுக்குள் வாழும் பயிர்

அவ்வினாவுக்கு விடை காணப் பவளத்தின் இயல்பையே முதலில் அறிய வேண்டியிருந்தது. 1928-ஆம் ஆண்டில் மாரிஸ் யங் தலைமையில் பிரித்தானிய ஆய்வுக்குழுவொன்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்று, லோ தீவுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கியது. பாறைப்பவளத்தின் உடலணுக்களுக்குள்ளேயே ஓரணுப் பாசிகள் குடியிருப்பது அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. ஒரு சதுரச் சென்டிமீட்டர்ப் பரப்பில் பத்து இலட்சம் என்னும் அளவில் அவை செறிந்திருக்கும். அவை பவளத்திற்கு எவ்வகையில் உதவுகின்றன என்பதே வினா. பவளம் உணரிழைகளால் சிற்றுயிர்களைப் பிடித்துண்ணும் விலங்கு என்பதையும், பாசிகள் அதன் கழிவை அகற்ற உதவுகின்றன என்பதையும் யங் குழுவினர் வலியுறுத்தினர். பாசி பவளத்திற்கு உணவூட்டுகின்றது என்பதை அவர்கள் ஏற்கவில்லை.

1950-களில் கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின. ஜமைக்காத் தீவில் தாமஸ் கோரோவும் நோரா கோரோவும் நடத்திய ஆய்வுகள், இருளைக் காட்டிலும் ஒளியில் பவளம் மிக விரைவாகச் சுண்ணத்தைப் படியவைக்கின்றது எனக் காட்டின. பாசி கதிரொளியில் ஆக்கும் சர்க்கரையும் கொழுப்பும் பவளத்தின் உடலுக்குச் செல்கின்றன என்பதும் அடுத்தடுத்த ஆய்வுகளால் உறுதியாயிற்று. ஆகவே, பவளம் ஒரு விலங்காயினும் பயிரைப் போல் ஒளியைத் தேடி வாழ்வது. தன் வயலைத் தன் உடலுக்குள்ளேயே கொண்டது. கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமடைந்தால் இக்கூட்டுறவு முறிகின்றது. பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகின்றது; வெப்பம் நீடித்தால் பட்டினியால் இறக்கின்றது. வீட்டுத் தொட்டியில் ஒளி என்பது அழகுக்கன்று, உணவுக்கே என்னும் அறிவு இவ்வாறு பிறந்தது.

கழுவிய கல்லும் கழுவாத கல்லும்

இவ்வறிவு ஆய்வேடுகளில் இருந்தபோதும் வீட்டுத் தொட்டிகளுக்கு அது உடனே எட்டவில்லை. 1950-களிலும் 1960-களிலும் கடல்மீன் வளர்த்தோர் தூய்மை ஒன்றையே வேதமாகக் கொண்டனர். இறந்த பவளங்களை வேதிநீரில் வெளுத்து, எலும்பு போல் வெண்மையாக்கி, அலங்காரமாக வைத்தனர். அவற்றில் சிறிது பாசி படிந்தாலும் எடுத்துக் கழுவினர். மீனின் நோய்க்கு மருந்தாகச் செப்புச் சத்தைக் கலந்தனர். அம்மருந்து மீனைக் காத்தாலும் பவளம், இறால், சிப்பி போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சாகும். தொட்டியின் இரும்புச் சட்டமும் உப்புநீரில் அரித்து நீரைக் கெடுத்தது. இத்தகைய தொட்டியில் மீன் பிழைப்பதே அரிதாயிற்று. பவளத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

புதிய வழி ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரவில்லை, தென்கிழக்காசியாவிலிருந்தே வந்தது. இந்தோனேசியாவின் ஜக்கார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்னும் ஆர்வலர், தம் தொட்டிகளில் வடிகட்டிகளை வைக்கவில்லை. கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய பாறைத் துண்டுகளைக் கழுவாமல் கொணர்ந்து அடுக்கினார், கடல்நீர் நிரப்பினார், சாளர ஒளி படச் செய்தார், சிறு காற்றுக்கல்லால் குமிழிகளை எழுப்பினார். அவ்வளவே. அவருடைய தொட்டிகளில் மீன்களோடு பவளங்களும் கடற்சாமந்திகளும் வாழ்ந்தன. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் அவருடைய முறை வெளியாயிற்று. இயற்கை முறை என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

அம்முறையின் உட்பொருளை அறிவியல் எளிதில் விளக்கும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா தோன்றுகின்றது. அது கொடிய நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகையினை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மண்ணில் நிகழும் இம்மாற்றத்தை 1890-ஆம் ஆண்டளவில் ரஷிய அறிஞர் வினோகிராட்ஸ்கி தெளிவுபடுத்தியிருந்தார். உயிர்ப்பாறையின் மேற்பரப்பில் இப்பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பாறையின் உள்துளைகளில், உயிர்வளி குன்றிய இடத்தில், மற்றொரு வகைப் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரசன் வளியாக மாற்றி வெளியேற்றுகின்றது. கழுவாத ஒரு கல் இவ்வாறு ஒரு முழுத் துப்புரவுத் தொழிற்சாலையாக இயங்குகின்றது. கல்லைக் கழுவியவர் அத்தொழிற்சாலையைத் தம் கையாலேயே மூடினார்.

கடலுக்கு அண்மையிலுள்ள ஜக்கார்த்தாவில் எளிதாக இருந்த முறை, தொலைநாடுகளில் எளிதாக இல்லை. நாள்கணக்கில் நீருக்கு வெளியே பயணம் செய்த பாறையில் ஒட்டியிருந்த உயிர்கள் மடிந்து, தொட்டிக்குள் அழுகி, நஞ்சையே பெருக்கின. ஆகவே, லீ சின் எங் காட்டிய வழியைப் பலர் ஏற்கவில்லை. அது மீண்டும் தழைக்க ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

சுண்ணாம்பு நீரின் வெற்றி

இடைப்பட்ட காலத்தில் செருமானியர் இரு பெரும் உதவிகளைச் செய்தனர். முதலாவது, 1960-களில் பரவிய நுரைபிரிப்பான். கடற்கரையில் அலை மோதும்போது நுரை திரள்கின்றது அன்றோ? நீரிலுள்ள கரிமக் கழிவுகள் காற்றுக் குமிழியின்மேல் ஒட்டிக்கொள்வதே அந்நுரைக்குக் காரணம். ஒரு குழலுக்குள் நுண்குமிழிகளைச் செலுத்தி, எழும் நுரையைத் தனிக்கலத்தில் சேர்த்து அகற்றினால், கழிவு அம்மோனியாவாக மாறுவதற்கு முன்னரே வெளியேறுகின்றது.

இரண்டாவது, பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய சுண்ணாம்பு நீர் முறை. தொட்டியில் பவளம் நாள்தோறும் சுண்ணத்தை எடுத்து எலும்பாக்கிக்கொள்வதால் நீரிலுள்ள சுண்ணம் குறைகின்றது. குறைந்ததும் வளர்ச்சி நிற்கின்றது. கடலின் பரப்பில் இக்குறை தோன்றாது. தொட்டியின் சிறுமையில் விரைவில் தோன்றும். 1973-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் வில்கென்ஸ் கூறிய தீர்வு எளிமையானது. நீறிய சுண்ணாம்பைத் தூயநீரில் கரைத்து, தெளிந்த பின் மேல்நீரை மட்டும் எடுத்து, ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். தமிழர் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வேதியியல் நோக்கில் இதுவே. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்குப் பயன்படுத்திய காலம் ஒன்று உண்டு. அங்கே பவளம் சுண்ணாம்பாயிற்று. செருமானியத் தொட்டிகளில் சுண்ணாம்பு பவளமாயிற்று.

1980-களில் பெர்லின் நகர ஆர்வலர்கள் இவற்றை ஒருங்கிணைத்தனர். உயிர்ப்பாறை, நுரைபிரிப்பான், சுண்ணாம்பு நீர், கதிரவனுக்கு ஈடாக மெட்டல் ஹாலைடு விளக்கு ஆகிய நான்குமே அவர்களின் முறை. அவர்களுள் ஒருவரான டீட்ரிச் ஸ்டூபர், கிளைப்பவளம் ஒன்றைத் தம் தொட்டியில் வளர்த்து, கிளைகளை ஒடித்துப் பிறருக்கு வழங்கினார். ஒடித்த கிளை புதிய தொட்டியில் வேர்கொண்ட செடி போல் வளர்ந்தது. அதிலிருந்து மீண்டும் கிளைகள் வழங்கப்பட்டன. கடலைத் தொடாமலே பவளத்தைப் பெருக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. 1986-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க இதழொன்றில் எழுதிய தொடர் கட்டுரைகள் வீட்டுப் பவளத்தொட்டியை அந்நாட்டில் பரப்பின. அவர் பரிந்துரைத்த சொட்டுநீர் வடிகட்டி அம்மோனியாவை விரைந்து அழித்தாலும் நைட்ரேட்டைத் தேக்கியது. நாளடைவில் அமெரிக்கரும் அவ்வடிகட்டியை அகற்றிவிட்டு, உயிர்ப்பாறையையே நம்பலாயினர். ஜக்கார்த்தாவின் பழைய பாடம் புதிய கருவிகளோடு மீண்டது.

இன்றைய வீட்டுத் தொட்டி

இன்று ஒருவர் பவளத்தொட்டி அமைக்க விரும்பினால், மேற்கூறிய வரலாறு முழுவதும் அவர் செய்யும் பணியின் வரிசையில் அமைந்திருப்பதைக் காண்பார். குழாய்நீரிலுள்ள குளோரினும் உலோகச் சுவடுகளும் பவளத்திற்கு ஆகா. ஆகவே, மென்சவ்வின்வழி அழுத்திச் செலுத்தித் தூய்மையாக்கிய நீரில், கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். ஆயிரம் கிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருத்தல் முறை. பாறைகளை அடுக்கி நீரோட்டம் உண்டாக்கிய பின், எவ்வுயிரையும் இடாமல் பொறுத்திருத்தல் வேண்டும். அம்மோனியா தோன்றி, நைட்ரைட்டாகி, இரண்டும் முற்றும் மறையப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இக்காத்திருப்பே தொடக்கக்காரருக்குக் கடினமான பாடம். பணம் கொடுத்து வாங்கிய தொட்டி வெறுமையாக நிற்பதைக் காணப் பொறாது மீனையும் பவளத்தையும் விரைந்து இட்டவர், அவற்றின் சாவையே காண நேரும்.

அதன் பின்னரும் பணி ஓய்வதில்லை. வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளில் விளக்கின் சூடும் சேர்வதால் நீர்க் குளிர்விப்பான் இன்றியமையாததாகின்றது. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆதலால் குறைந்த நீருக்கு ஈடாகத் தூயநீரையே சேர்க்க வேண்டும், உப்புநீரைச் சேர்த்தலாகாது. சுண்ணச் சத்து லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை இருக்கின்றதா என்று அடிக்கடி அளத்தல் வேண்டும். மெட்டல் ஹாலைடு விளக்கின் இடத்தில் இன்று எல்.இ.டி. விளக்குகள் பெரிதும் வழங்குகின்றன. விளக்கு மாறினும் விதி மாறவில்லை. ஒளியைத் திடீரெனக் கூட்டினாலும் பவளம் வெளுக்கும். ஒரே நாளில் நீரின் தன்மையைத் திருத்த முயன்றாலும் அது வாடும். கெடுவது விரைவில் நிகழும். செம்மையுறுவது மெல்லவே நிகழும்.

சிறு தொட்டியைவிடப் பெரிய தொட்டியே எளிது என்பது கேட்போர்க்கு வியப்பாகலாம். ஐம்பது லிட்டர் நீரில் ஒரு மீன் இறந்தால் நஞ்சு விரைந்து பரவும். ஐந்நூறு லிட்டரில் அதன் கேடு நீர்த்துப்போகும். கடல் நிலைத்திருப்பதற்கு அதன் பெருமையே காரணம். சிறுமையில் வாழ்வதற்கு அப்பெருமையின் இடத்தில் மாந்தரின் விழிப்பு நின்றாக வேண்டும்.

கடலுக்குப் பட்ட கடன்

இவ்வளவு விழிப்போடு காக்கப்படும் தொட்டியும் கடலிலிருந்து எடுத்தவற்றைக் கொண்டே தொடங்கியது என்பதை மறத்தலாகாது. 1960-களில் பிலிப்பீன்சில் தொடங்கிய ஒரு கொடிய பழக்கம் பின்னர் இந்தோனேசியாவிற்கும் பரவியது. சயனைடு நஞ்சைப் பவள இடுக்குகளில் பீச்சி, மயங்கும் மீன்களைப் பிடித்து, வணிகத்திற்கு அனுப்பினர். மீன்களுள் பல பின்னர் இறந்தன. நஞ்சு பட்ட பவளமும் மடிந்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் கூடையும் உளியும் செய்த கேட்டினும் இது கொடிது.

இந்நிலையைத் தடுக்கச் சட்டங்கள் எழுந்தன. அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில், 1990-ஆம் ஆண்டுக்குள் கற்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. இசைவுச் சீட்டின்றி அவற்றை நாடுவிட்டு நாடு கடத்துதல் குற்றம். இந்தியாவில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-ஆம் ஆண்டில் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் உயர்ந்த பாதுகாப்பு அளிக்கப்பட்டது. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டு ஆணையின்வழி தியோமான், ரெடாங் முதலிய தீவுகளைச் சூழ்ந்த கடல் கடற்பூங்காவாக நிலைபெற்றது. ஆங்குப் பவளத்தைப் பெயர்த்தெடுத்தல் தடைசெய்யப்பட்டதாகும்.

சட்டத்தோடு அறிவும் துணைநின்றது. ஸ்டூபரின் தொட்டியில் தொடங்கிய கிளை ஒடிக்கும் முறை இன்று பண்ணைத் தொழிலாக வளர்ந்துள்ளது. கோமாளி மீன் போன்றவை 1970-கள் முதலே தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. கடலிலிருந்து எடுக்காமலே ஒரு தொட்டியை நிரப்ப இன்று பெருமளவு இயலும்.

அதனினும் வியத்தகு திருப்பம் அண்மையில் நிகழ்ந்தது. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடலில் கற்பவளங்களைத் தாக்கும் கொடுநோய் தோன்றிப் பரவியது. நோய் எட்டாத பகுதிகளிலிருந்து பவளங்களை எடுத்து, கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள காட்சியகங்களின் தொட்டிகளில் பாதுகாக்கும் பணி தொடங்கிற்று. 2019-ஆம் ஆண்டில் ஃபுளோரிடாக் காட்சியகத்தில் தூண்பவளம் தொட்டிக்குள்ளேயே முட்டை உகுத்தது. பவளங்கள் பல, முழுநிலவுக்குப் பின்வரும் சில இரவுகளில் ஒருசேர இனப்பெருக்கம் செய்வதை ஆஸ்திரேலிய அறிஞர்கள் 1980-களின் தொடக்கத்தில் கண்டறிந்திருந்தனர். அக்கதிரவனையும் நிலவையும் பருவ வெப்பத்தையும் விளக்குகளாலும் கருவிகளாலும் தொட்டிக்குள் உருவாக்கி, இலண்டன் ஹார்னிமன் காட்சியகத்தார் பவளங்களை இனம்பெருகச் செய்த முறை 2017-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அன்னா தின் கிண்ணப்பவளம் வளர்த்த அதே நகரில் இது நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. சிங்கப்பூரும் நில மீட்பினால் தன் பவளத்திட்டுகளில் பெரும்பகுதியை இழந்த நாடு. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அது ஒரு இலட்சம் பவளங்களை வளர்த்துக் கடலில் நடும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. அப்பவளங்களுக்கும் முதல் நாற்றங்காலாக அமைபவற்றுள் தொட்டிகள் இடம்பெறுகின்றன.

இதனால் தொட்டி கடலுக்கு ஈடாகிவிடும் என எண்ணுதல் பேதைமை. 1998-ஆம் ஆண்டில் உலகெங்கும் பவளங்கள் வெளுத்தன. நான்காம் முறையாக அக்கேடு உலகைச் சூழ்ந்தது என 2024-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வெளுக்கும் கடலைக் குளிர்விக்க எந்தக் குளிர்விப்பானும் இல்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பது குறைந்தாலன்றி, தொட்டியில் காத்த கிளையை நடுவதற்குத் தகுந்த கடல் எஞ்சாது.

ஆயினும், தொட்டி ஆற்றக்கூடிய பணி ஒன்று உண்டு. ஒரு பாகை வெப்பம் மிகுந்தால் பவளம் என்னாகும் என்பதைப் பாடநூல் சொற்களால் கூறும். ஒரு தொட்டியைக் காப்பவர் அதனைக் கண்ணாற் காண்கின்றார். நீரை அளந்து எழுதி, சுண்ணாம்பு நீரைச் சொட்டவிட்டு, மாதம் ஒரு சில மில்லிமீட்டர் வளரும் கிளைக்காகக் காத்திருக்கும் ஒரு மாணவன், தீவுக்குச் சுற்றுலா செல்லும்போது பவளத்தின்மேல் கால்வைக்க அஞ்சுவான். அதனை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுவரவும் அவன் மனம் இசையாது. கல் என்று பெயர் பெற்றதை உயிர் என்று உணர்வதே கல்வியாகும். அவ்வுணர்வைப் பள்ளிதோறும் வளர்ப்பது ஆசிரியர் கடன். கடலிலிருந்து பெற்றதைக் கடலுக்கே திருப்பியளிப்பது வளரும் தலைமுறையின் கடன்.